குடை எடுத்துக்கோ

ரேடியோக்காவுக்கு என்ன வேலைன்னு கேட்டா, மந்திரிக்குப் படிச்சுக் காட்டற வேலை. சிரிக்காதீங்க, சம்பளம் பென்ஷன் எல்லாம் உள்ள வேலைதான். காலையில எட்டே முக்காலுக்கு மந்திரி வீட்டு வாசல்ல கார் நிக்கும். பின் சீட்டுல அவரு. முன் சீட்டுல டிரைவர் பக்கத்துல, மடியில ஒரு அட்டை ஃபைலோட அக்கா. வீட்டுல இருந்து ஆபீசுக்கு இருபத்திரண்டு நிமிஷம். அதுக்குள்ள நாட்டுல நடந்தது, நடக்கப் போறது எல்லாம் அவரு காதுல போய் விழணும். அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஓடற கார்ல குனிஞ்சு படிச்சா தலை சுத்துதாம். ஓடாத கார்லயும் சுத்துதாம்.

அக்கா அந்த ஆபீசுல பத்தொன்பது வருஷமா டைப்பிஸ்ட். ஒரு தடவை மீட்டிங்கில யாரோ வரலன்னு அவங்களை எழுப்பி ஒரு அறிக்கையைப் படிக்கச் சொன்னாங்க. தண்ணி ஓடற மாதிரி படிச்சாங்க. மறுநாள்ல இருந்து கார். ரேடியோன்னு பேரு வெச்சது டிரைவர். ஆபீஸ் முழுக்க அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு, வீட்டுக்காரர் வரைக்கும்.

படிக்கிறதுக்கு சட்டதிட்டம் எல்லாம் மந்திரியோட பி.ஏ. முதல் நாளே ஒப்பிச்சுட்டாரு. அவருக்கு எல்லா வாக்கியமும் மூக்கு வழியாத்தான் வெளிய வரும். நல்ல சேதி முதல்ல. கெட்ட சேதி கடைசியில. ஐயாவுக்கு பிரஷர் இருக்கு, அதனால எது படிச்சாலும் ஒரே குரல்ல படிக்கணும், வானிலை அறிக்கை மாதிரி. "பிறந்தநாள் வாழ்த்தும் அதே குரல், பேங்கு கொள்ளையும் அதே குரல். புரியுதாம்மா?" அக்காவுக்குப் புரிஞ்சுது. ஆறு வருஷம் அப்படியே படிச்சாங்க. வெள்ளம், விலைவாசி, கட்சிக்காரன் கல்யாணம், எல்லாம் ஒரே தண்ணி, ஒரே ஓட்டம்.

கார் ஆடற ஆட்டத்துல சின்ன எழுத்து தெரியாது. அதனால வர்ற தாளை எல்லாம் அக்கா முந்தின நாளே பெரிய எழுத்துல அடிச்சு வெச்சுக்குவாங்க. ஒரு தாளுக்கு எட்டு வரிதான் வரும். மந்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. திங்கக்கிழமை கேட்டதை வியாழக்கிழமை "நீ படிக்கவே இல்லையே"ம்பாரு, கையை விரிச்சு, டிரைவரையும் சாட்சிக்குக் கூப்பிட்டு. ரெண்டு தடவை திட்டு வாங்கின பிறகு அக்கா உஷாராயிட்டாங்க. ஒவ்வொரு தாள் ஓரத்துலயும் பென்சிலால தேதி போட்டு, அவரு சொன்னதை அவரு சொன்ன மாதிரியே கிறுக்கி வெச்சாங்க. வேலை முடிஞ்சதும் அந்தத் தாளைக் கிழிச்சுப் போட மனசு வராது. பின்பக்கம் வெள்ளையா, பளபளன்னு இருக்கும். வீட்டுக்குக் கொண்டு போனா காலேஜ் படிக்கிற பொண்ணு கணக்குப் போட்டுப் பாக்க ஆகும். ரகசியத் தாளை வீட்டுக்குக் கொண்டு போறது குத்தம்னு அக்காவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அவங்களுக்கு அது ரகசியமாத் தோணல, பேப்பராத்தான் தோணுச்சு.

மந்திரி கையிலதான் போலீசு. அதனால உளவுத்துறைத் தாளும் இந்தக் கட்டுலதான் வரும். கெட்ட சேதி ஆச்சே, கடைசியில. கார் ஆபீஸ் கேட்டுக்குள்ள திரும்பற நேரத்துல.

இந்தக் கதைக்கு வேண்டிய தாள் மொத்தம் அஞ்சு, வாரத்துக்கு ஒண்ணா வந்துச்சு. முதல் தாள்ல, வெளியூர்ல இருந்து ஒரு கும்பல் வெடிமருந்தோட வந்திருக்கு, கூட்டம் கூடற இடத்துல வைக்கப் போறாங்கன்னு எழுதியிருந்துச்சு. மந்திரி கொட்டாவி விட்டாரு. "இவனுங்க வாரா வாரம் இதையேதான் எழுதறானுங்க" அப்படின்னாரு. அக்கா பென்சிலால எழுதிக்கிட்டாங்க. ரெண்டாவது தாளுக்கு, பட்ஜெட்டுல ஆள் கூடக் கேட்கறதுக்குப் போடற நாடகம்னாரு. மூணாவது தாள் படிக்கிறப்போ போன் வந்துடுச்சு. நாலாவதுல பஸ் நிலையம்னு பேரே வந்துச்சு. அங்க வர்ற எல்லாப் பையையும் சோதிக்கணும், பார்சல் அறையை மூடணும், அதுக்கு மந்திரி உத்தரவு வேணும்னு உளவுத்துறை கேட்டிருந்துச்சு. அதுக்கு அவரு சிரிச்சாரு. தேர்தலுக்கு ரெண்டு மாசம் இருக்கறப்போ ஜனங்க பையில கையை விட்டா ஜனங்க நம்ம பையில கையை விட்டுடுவாங்கன்னு டிரைவர்கிட்ட ஜோக் அடிச்சாரு. டிரைவர் சிரிக்கணும், சிரிச்சாரு.

அஞ்சாவது தாள் ஒரு வெள்ளிக்கிழமை. மத்திய பஸ் நிலையம், காலை நெரிசல் நேரம், இன்னும் பத்து நாளுக்குள்ள. அவ்வளவு சுருக்கமா அதுவரைக்கும் எந்தத் தாளும் வந்ததில்லை. அக்கா படிச்சாங்க. அதே குரல்லதான்.

இந்தத் தடவை மந்திரி கொட்டாவி விடல. திரும்பப் படிக்கச் சொன்னாரு. படிச்சாங்க. கார் கேட்டுக்குள்ள வந்து நின்னுடுச்சு, ஆனா அவரு இறங்கல. வர்ற திங்கக்கிழமை அதே பஸ் நிலையத்துல புதுக் கட்டடத்தைத் திறந்து வைக்க அவரேதான் போறதா இருந்துச்சு. பந்தல் கூடப் போட்டாச்சு.

"என் ஃபங்ஷனை உள்ள ஹாலுக்கு மாத்திடுங்க" அப்படின்னு கார் ஜன்னல்கிட்ட குனிஞ்ச பி.ஏ.கிட்ட சொன்னாரு. "எனக்குத் தொண்டை சரியில்லன்னு சொல்லிடுங்க."

பின்னால வேற ஏதாவது வரும்னு அக்கா பென்சிலைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. கதவு திறந்து மூடின சத்தம்தான் வந்துச்சு. இந்தத் தாளுக்கு என்ன பதில் அனுப்பறதுன்னு பி.ஏ. ஓடிப் போய்க் கேட்டதுக்கு, திறப்பு விழா முடியட்டும், இப்பவே கதவைச் சாத்தினா கட்டடத்தைத் திறந்து என்ன பிரயோஜனம்னு நடந்துக்கிட்டே சொன்னாரு. அதையும் அக்கா எழுதிக்கிட்டாங்க.

திங்கக்கிழமை திறப்பு விழா ஜாம்ஜாம்னு நடந்துச்சு, ஆபீஸ் ஹாலுக்குள்ள. தொண்டை சரியில்லாத மனுஷன் நாப்பது நிமிஷம் பேசினாரு. ரிப்பனை இங்க வெட்டினாரு, அங்க டி.வி.யில காட்டினாங்க. "நாளையில இருந்து எல்லாரும் வந்து பாருங்க, இது உங்க நிலையம்" அப்படின்னு ரெண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டாரு.

இதுவரைக்கும் கேட்டா எல்லாக் கோபமும் மந்திரி மேலதான் வரும். வரட்டும், வரவேண்டியதுதான். ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் என்ன பண்ணினாங்கன்னும் சொல்லணும்.

வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டறவர். செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே அக்கா அவர்கிட்ட சொல்லிட்டாங்க, ஒரு பத்து நாளைக்குப் பொண்ணு பஸ் நிலையம் பக்கமே போகக் கூடாது, நீங்களே வேன்ல கொண்டு போய் விட்டுடுங்கன்னு. ஏன்னு கேட்டாரு. கேட்காதீங்கன்னாங்க. இத்தனை வருஷத்துல அவரு அந்த மூஞ்சியைப் பாத்ததில்லை, அதனால கேட்கல. பொண்ணுதான் குதிச்சா. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க நடுவுல, மூக்கு ஒழுகற கும்பல்ல உக்காந்து காலேஜுக்குப் போறதான்னு. ஆமா, அப்படித்தான் போகணும்னு சொல்லிட்டாங்க.

அவ்வளவுதான். வேற யார்கிட்டயும் சொல்லல. வெளிய சொன்னா வேலை போகும், ஜெயிலுக்குக் கூடப் போகணும். வேலையில சேர்றப்போ கையெழுத்துப் போட்ட காகிதம் அப்படித்தான் சொல்லுது.

செவ்வாய்க்கிழமை காலையில ஏழரைக்கு அக்கா மாடிப்படி இறங்கறாங்க. கீழ்வீட்டு டெய்லர் கதவைப் பூட்டிக்கிட்டு இருந்தா. முப்பது வயசு, அவளும் அவ அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிறவ. அவ மிஷின் சத்தம் பகல் பூரா மேல கேட்கும். அக்கா பொண்ணோட ஜாக்கெட்டெல்லாம் அவ தைச்சதுதான், வாய்க்கு வாய் அக்கா அக்காம்பா. ஒவ்வொரு செவ்வாயும் வெளியூர் பஸ்சுல அவளுக்குத் துணி மூட்டை வரும். அதை எடுக்க பார்சல் அறைக்குப் போகணும்.

"பஸ் ஸ்டாண்டுக்கா?" அக்கா கேட்டாங்க.

"ஆமாக்கா. புதுக் கட்டடத்தையும் அப்படியே ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்."

அக்காவுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. இவகிட்ட சொன்னா இவ நாலு பேர்கிட்ட சொல்லுவா, அந்த நாலு பேரும் யார் சொன்னான்னு கேட்பாங்க. அக்கா தலையைத் தூக்கி வானத்தைப் பாத்தாங்க.

"மேகமா இருக்கு. குடை எடுத்துக்கோ" அப்படின்னாங்க. அதே குரல்ல.

டெய்லர் பூட்டைத் திறந்து, உள்ள போய்க் குடையை எடுத்துக்கிட்டுத்தான் போனா. பெரியவங்க சொன்னா கேட்கிற பொண்ணு.

எட்டு மணி அம்பது நிமிஷம். பார்சல் அறையில குண்டு வெடிச்சுது. அக்கா அப்போ கார்ல முதல் தாள் படிச்சுக்கிட்டு இருந்தாங்க, ஏதோ ஒரு ஊர்ல மந்திரிக்கு நன்றி சொல்லி ஊர்வலம் போனாங்கன்னு. மந்திரி போன் அடிச்சுது, அப்புறம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவரு போன்ல பேசினதைக் கேட்டு, செத்தவங்க முப்பத்தொண்ணுங்கிற எண்ணிக்கை வர்றதுக்கு முன்னாடியே அக்கா ஃபைலை மூடிட்டாங்க.

டெய்லர் சாகல. வலது கால் முட்டிக்குக் கீழ போயிடுச்சு. மிஷின் மிதிக்கிற கால்.

சாயங்காலம் மந்திரி ஆஸ்பத்திரிக்குப் போனாரு. முன்னால நாலு கேமரா. அவரு குரல் இருக்கே, மைக்குக்கு முன்னால வந்தா தேன் ஊத்தின மாதிரி ஆகிடும், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவுல ஒரு விம்மல் வேற வெச்சுத் தைப்பாரு. "எந்த எச்சரிக்கையும் எங்களுக்கு வரல. வந்திருந்தா என் உயிரைக் கொடுத்தாவது தடுத்திருப்பேன்" அப்படின்னாரு.

அக்கா வீட்டுல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு அதைக் கேட்டாங்க. கையில இருந்த தட்டைத் தேய்ச்சாங்க, தேய்ச்சாங்க, தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க. வீட்டுக்காரர் வந்து குழாயை மூடினாரு. "உயிரைக் கொடுத்திருப்பாராம்" அப்படின்னாங்க. "ஃபங்ஷன்ல கை தட்டறதைக் கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாமே. அதைக் கொடுக்க முடியல."

கீழ மிஷின் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. நாலு நாள் அந்தச் சத்தம் இல்லாம வீட்டுல உக்கார முடியாம அக்கா ஆபீசுக்குச் சீக்கிரமே கிளம்பிடுவாங்க. அங்க போனா பி.ஏ. உளவுத்துறைத் தாளை எல்லாம் எடுத்து மிஷின்ல போட்டு நறுக்கிக்கிட்டு இருப்பாரு. அதுவும் ஒரு மிஷின் சத்தம்தான்.

ஊரே கேள்வி கேட்டதும் ஒரு ரிட்டயர்ட் ஜட்ஜைப் போட்டு விசாரணை வெச்சாங்க. உளவுத்துறைக்காரங்க நாங்க அஞ்சு தாள் அனுப்பினோம்னாங்க. மந்திரி ஆபீஸ் வந்து சேரலன்னுச்சு. நடுவுல இருக்கிறது யாரு? ரேடியோ.

பி.ஏ. அக்காவைத் தனி ரூமுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. ஆறு வருஷத்துல முதல் தடவையா நாற்காலியை அவரே இழுத்துப் போட்டாரு. மூக்கால ரொம்பப் பாசமாப் பேசினாரு. தாள் வந்துச்சு, ஆனா கார் சீக்கிரம் வந்துட்டதால கடைசித் தாளை நான் படிக்காம விட்டுட்டேன்னு அக்கா சொல்லணும். அஞ்சு தடவையும். மறதிதானே, யாருக்குத்தான் வராது. ஒரு கண்டிப்பு லெட்டர் கொடுப்பாங்க, ஆறு மாசத்துல அதுவும் மறைஞ்சுடும். "உங்க பொண்ணு அடுத்த வருஷம் வேலைக்கு எழுதப் போறா இல்ல? ஐயா ஞாபகம் வெச்சிருக்காரு" அப்படின்னாரு. அது வாக்குறுதியா மிரட்டலான்னு அக்கா கேட்கல. ரெண்டுக்கும் அவரு ஒரே குரல்தான் வெச்சிருந்தாரு.

வீட்டுக்கு வந்து பொண்ணோட மேஜைக்கு அடியில இருந்த பழைய தாள் கட்டை இழுத்தாங்க. ஒரு பக்கம் பொண்ணு போட்ட கணக்கு, அடிச்சுத் திருத்தி, மூலையில ஒரு பூனைப் படம். திருப்பினா பெரிய எழுத்து எட்டு வரி. ஓரத்துல பென்சில். "வாரா வாரம் இதையேதான் எழுதறானுங்க." "என் ஃபங்ஷனை உள்ள ஹாலுக்கு மாத்திடுங்க." தேதியோட. அஞ்சும் இருந்துச்சு.

வீட்டுக்காரர் பாத்துட்டு நாற்காலியில உக்காந்துட்டாரு. இதைக் காட்டினா ரகசியத்தை வீட்டுக்குக் கொண்டு வந்ததுக்கே உன்னை உள்ள தள்ளுவாங்கன்னாரு. அக்கா அது பரவாயில்லன்னாங்க. அப்புறம் அவரு குரலைத் தாழ்த்திக் கேட்டாரு. வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியும்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போகுமே, கீழ்வீட்டுல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் படி இறங்குவே?

அக்காவோட நெஞ்சுல கிடந்தது அதுதான். ஜெயிலும் இல்லை, வேலையும் இல்லை. மந்திரிக்குத் தெரியும்னு சொன்னா எனக்கும் தெரியும்னு சொல்லியாகணும்.

"நம்ம பொண்ணைக் காப்பாத்தினது தப்பா?" வீட்டுக்காரர் கேட்டாரு.

"அவரும் அதைத்தான் பண்ணினாரு" அக்கா சொன்னாங்க. "அவருக்கு வேண்டியவரைக் காப்பாத்திக்கிட்டாரு. அவருக்கு வேண்டியவர் அவருதான்."

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா கீழே போனாங்க. டி.வி.யில பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு. டெய்லரோட அம்மா கதவைத் திறந்து, காபி போடவான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டாங்க. டெய்லர் கட்டில்ல சுவத்துல சாஞ்சு உக்காந்து, கையாலயே ஒரு சட்டைக்குப் பட்டன் தைச்சுக்கிட்டு இருந்தா. மிஷின் மூலையில, மேல ஒரு பெட்ஷீட் போத்தி.

அக்கா நின்னுக்கிட்டே சொன்னாங்க. ஆறு வருஷமாப் பழகின குரல் தானா வந்துச்சு, தண்ணி ஓடற மாதிரி. பாதியில அது அவங்களுக்கே காதுல விழுந்து, நிறுத்திட்டு, மறுபடி முதல்ல இருந்து சொன்னாங்க. இந்தத் தடவை எல்லா வார்த்தையும் உடைஞ்சு உடைஞ்சு வந்துச்சு. அஞ்சு தாள், மந்திரி, ஃபங்ஷன், பொண்ணு, வேன். மாடிப்படி.

டெய்லர் பட்டனை முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால கடிச்சா.

"திரும்ப உள்ள போய் எடுத்துட்டு வந்தேன்கா" அப்படின்னா. "நீங்க சொன்னீங்கன்னு. அதுல ரெண்டு நிமிஷம் போச்சு. அந்த ரெண்டு நிமிஷம் முன்னால போயிருந்தா மூட்டையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்திருப்பேன்."

அக்கா கட்டில் பக்கத்துல தரையில உக்காந்துட்டாங்க.

"போய்ச் சொல்லுங்க" டெய்லர் சொன்னா. அவ குரல் ஏறவே இல்லை, அதுதான் தாங்க முடியல. "முழுசாச் சொல்லுங்க. குடையையும் சேத்துச் சொல்லணும். அதை விட்டுட்டு வந்தீங்கன்னா நான் வந்து சொல்லுவேன், ஒத்தக் கால்ல."

விசாரணை ஹால்ல ஏ.சி. அப்படிக் குளிரும். மந்திரி முதல் வரிசையில, தலையைச் சாய்ச்சு, துக்கம் கேட்க வந்தவர் மாதிரி. பி.ஏ. எழுதிக் கொடுத்த காகிதம் அக்கா பையில மடிச்சது மடிச்சபடி இருந்துச்சு. ஜட்ஜு படிச்சீங்களா இல்லையான்னு கேட்டதும், அக்கா கணக்குத் தாள் அஞ்சையும் எடுத்து மேஜையில வெச்சாங்க. பூனைப் படம் மேல இருந்துச்சு. ஜட்ஜு திருப்பிப் பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பாத்தாரு.

மந்திரியோட வக்கீல் எழுந்தாரு. ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலயும் ஒரு சின்னச் சிரிப்பு விடற ஆளு. அரசாங்க ரகசியத்தை மகளோட ரஃப் நோட்டா ஆக்கினவங்களை நம்பலாமான்னு கேட்டாரு. பென்சில் இன்னைக்கும் எழுதலாம், நேத்தும் எழுதலாமேன்னாரு. ஹால்ல ரெண்டு பேர் சிரிச்சாங்க. அப்புறம் அவரு மெதுவாப் பக்கத்துல வந்தாரு.

"பஸ் நிலையம்னு நிஜமாவே தெரிஞ்சிருந்தா, ஒரு தாய், ஒரு குடிமகள், நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?"

அவருக்கு அதுக்கு ஒரே பதில்தான் உண்டுன்னு நினைப்பு.

"இருந்தேன்" அக்கா சொன்னாங்க. "என் பொண்ணை மட்டும் வேற வழியில அனுப்பினேன். கீழ்வீட்டுப் பொண்ணு பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்னு என் கண்ணு முன்னால சொன்னா. குடை எடுத்துக்கோன்னு சொல்லி அனுப்பி வெச்சேன். எனக்கு அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க. எனக்குத் தெரிஞ்சது அவருக்கும் தெரியும். ரெண்டு தடவை படிச்சேன். நான் என் பொண்ணை மாத்தினேன், அவரு ஃபங்ஷனை மாத்தினாரு. ஹாலுக்கு மாத்தின லெட்டர்ல தேதி இருக்கும், எடுத்துப் பாருங்க. வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு அவருக்குத் தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு."

வக்கீல் சிரிப்பு பாதியில நின்னுச்சு. ஜட்ஜு அந்த லெட்டரைக் கொண்டு வரச் சொன்னாரு. பி.ஏ. உளவுத்துறைத் தாளைத்தான் நறுக்கியிருந்தாரு. பந்தல்காரனுக்கும் டி.வி.க்காரங்களுக்கும் போன லெட்டரை யாரு நறுக்குவா? வந்துச்சு. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, முத்திரையோட.

முப்பத்தொரு பேர் செத்ததுக்கு அப்புறம் என்ன ஆகியிருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். என்ன ஆச்சுன்னா, மந்திரி உடம்பு சரியில்லன்னு போலீஸ் துறையை விட்டாரு. தொண்டைதான், மறுபடி. தேர்தல்ல ஜெயிச்சு வந்து இப்போ மீன்வளத்துறை. கார்ல புதுசா ஒருத்தர் படிச்சுக் காட்டறாராம், அதே குரல்ல. ஜட்ஜோட அறிக்கை முன்னூறு பக்கம். அதை அவரு படிக்கல, படிச்சா தலை சுத்தும்.

அக்காவை வேலையை விட்டு எடுத்தாங்க. ரகசியத் தாளை வீட்டுக்குக் கொண்டு போனதுக்குக் கேசு இன்னும் நடக்குது. இப்போ ஒரு கண் டாக்டர்கிட்ட, வர்றவங்க பேரைக் கூப்பிடற வேலை. அந்தத் தண்ணிக் குரல் போயிடுச்சு, இப்போ அவங்க கூப்பிட்டா கடைசி பெஞ்சுல தூங்கறவரும் எழுந்துக்கறாரு. பொண்ணு பஸ்சுலதான் காலேஜுக்குப் போறா.

டெய்லர் மிஷினுக்கு மோட்டார் வெச்சுட்டா, மிதிக்க வேண்டாம். கட்டைக் கால் மாட்டி நடக்கறா. அக்காகிட்ட சிரிச்சுப் பேசறது இல்லை. அக்கா பொண்ணோட ஜாக்கெட் துணியை வாங்கறது இல்லை. ஆனா காலையில ஏழரைக்கு அக்கா படி இறங்கறப்போ கதவைத் திறந்து நிப்பா, ஒரு நாள் தவறாம. வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரு துண்டு மேகம் இருக்காது.

"இன்னைக்கு மழை வருமாக்கா?"

அக்கா ஒதுங்கிப் போகலாம், பின்பக்கமும் ஒரு படி இருக்கு. போறதில்லை. கடைசிப் படியில நின்னு, தலையைத் தூக்கி, வானத்தை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பாப்பாங்க. பாத்துட்டு, தெரிஞ்சதைச் சொல்லுவாங்க.